விசைப்பலகையும் பழுது நீக்கும் உரிமையும்

சில வாரங்களுக்கு முன் தில்லியில் நமது தொழிற்சங்க அலுவலகத்தில் ஒரு சிறு இடையூறு நேர்ந்தது. தமிழ் அறிக்கைகளையும் மொழிபெயர்ப்புகளையும் தட்டச்சு செய்யப் பயன்பட்டுவரும் பழைய விசைப்பலகையில் ஒரு விசை இயங்க மறுத்துவிட்டது. ஆங்கில ‘எஃப்’ பொறிக்கப்பட்ட விசை அது. தமிழ்99 முறையில் தட்டச்சு செய்வோருக்கு அதுவே புள்ளி வைக்கும் விசை. ஆகவே ‘கட்சி’ என்று அடித்தால் திரையில் ‘கடசி’ என்று விழுந்தது. ‘மார்க்சியம்’ ‘மாரகசியம’ ஆயிற்று. முதல் நாள் சிரித்தோம். மறுநாள் ஒரு மாநாட்டுத் தீர்மானத்தின் மொழிபெயர்ப்பு பாதியில் நின்றபோது சிரிப்பும் நின்றது.

“நானூறு ரூபாய்க்குப் புதியது கிடைக்கும், தோழர். இதைத் தூக்கிப் போட்டுவிடலாம்” என்றார் இளம் தோழர் ஒருவர். நியாயமான ஆலோசனைதான். எனினும் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சுற்றறிக்கைகளையும் துண்டறிக்கைகளையும் வேலைநிறுத்த அறிவிப்புகளையும் அடித்துக் கொடுத்த ஒரு கருவியை, ஒரே ஒரு விசைக்காகக் குப்பையில் எறிவதற்கு முன் அதற்கு என்ன நேர்ந்தது என்று பார்ப்பதே முறை என எனக்குத் தோன்றியது. அந்தச் சிறு வேலை, நமது இயக்கம் இன்னும் உரிய கவனம் செலுத்தாத ஓர் அரசியல் கேள்வியில் என்னைக் கொண்டுபோய் நிறுத்தியது. அதைத் தோழர்களின் விவாதத்துக்கு வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பழுதைக் கண்டறிதல்

அலுவலகத்தில் இருப்பது ‘மெக்கானிக்கல்’ வகை விசைப்பலகை. ஒரு காலத்தில் நம் நாட்டின் வங்கிகளிலும் நீதிமன்றங்களிலும் அச்சகங்களிலும் ‘டக் டக்’ என்று ஓயாது ஒலித்த வகை. இன்றைய மலிவான விசைப்பலகைகளில் எல்லா விசைகளுக்கும் அடியில் ஒரே ரப்பர் விரிப்பும், மின்தடம் அச்சிட்ட பிளாஸ்டிக் தாள்களும் இருக்கும். மெக்கானிக்கல் வகையில் ஒவ்வொரு விசைக்கும் தனித்தனிச் சுவிட்ச் உண்டு. அதற்குள் ஒரு சுருள்வில், மேலும் கீழும் நகரும் ஒரு தண்டு, தொட்டுப் பிரியும் இரண்டு உலோகத் தகடுகள். ஜெர்மனியின் செர்ரி நிறுவனம் 1980களில் கொண்டுவந்த எம்.எக்ஸ் சுவிட்சுகள் இவ்வகையில் பெயர்பெற்றவை. ஒரு சுவிட்ச் 5 கோடி முறை அழுத்தினாலும் தாங்கும் என்பது அந்நிறுவனம் அறிவித்த கணக்கு. ஒவ்வொரு சுவிட்சும் இரண்டு கால்களால் மின்சுற்றுப் பலகையில் பற்றவைக்கப்பட்டிருக்கும். ஒன்று பழுதானால் அதை மட்டும் கழற்றலாம். நீண்ட காலம் உழைக்க வேண்டும், பழுதானால் சரிசெய்யப்பட வேண்டும் என்ற எதிர்பார்ப்பு இக்கருவியின் வடிவத்திலேயே அடங்கியிருக்கிறது.

பழுது பார்ப்பதில் முதல் விதி, கழற்றுவதற்கு முன் கவனிப்பது. விசைகள் ஒவ்வொன்றும் தனிக் கம்பியால் கணினியோடு இணைக்கப்படுவதில்லை. குறுக்கும் நெடுக்குமாக ஓடும் மின்தடங்களின் சந்திப்புகளில் அவை அமைந்திருக்கின்றன. உள்ளே இருக்கும் சிறு சில்லு அத்தடங்களை இடைவிடாது சோதித்து, எந்தச் சந்திப்பு மூடியிருக்கிறது என்று அறிகிறது. ஆகவே ஒரே தடத்தைச் சேர்ந்த பல விசைகள் ஒருசேரச் செயலிழந்தால் குற்றம் தடத்திலோ சில்லிலோ இருக்கும். ஒரே ஒரு விசை செயலிழந்தால் குற்றம் பெரும்பாலும் அந்தச் சுவிட்சிலோ அதன் பற்றவைப்பிலோ இருக்கும். எங்களுடையது இரண்டாவது வகை.

காரணமும் ஊகிக்கக் கூடியதே: பல்லாண்டுத் தூசியும், எப்போதோ சிந்திய தேநீரும். கணினியை முதலில் அணைத்தேன். பழைய வட்ட வடிவ இணைப்பியைக் கணினி ஓடும்போது பிடுங்கவோ செருகவோ கூடாது. விசைகளின் வரிசையைப் படம் பிடித்துக்கொண்டு, வளைத்த கம்பியால் மூடிகளை நேராக மேலே இழுத்து எடுத்தேன். அவற்றைச் சோப்பு கலந்த இளஞ்சூட்டு நீரில் ஊறவைத்தேன். இடைவெளி விசையின் அடியிலுள்ள சமன்கம்பி வளைந்துவிடாமல் எடுக்கப் பொறுமை வேண்டியிருந்தது. பிறகு பழுதான சுவிட்சின் தண்டை அழுத்திப் பிடித்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஓரிரு துளிகள் விட்டு, நூறு முறையாவது அழுத்தி அழுத்தி விட்டிருப்பேன். முற்றிலும் உலர்ந்த பின் இணைத்துப் பார்த்தால் புள்ளி விழுந்தது. இரண்டு நாட்கள் விழுந்தது. மூன்றாம் நாள் மீண்டும் ‘கடசி’.

அங்கீகரிக்கப்பட்ட சேவை மையம் ஒன்றுக்குத் தொலைபேசியில் பேசினேன். விசைப்பலகைகளைப் பழுது பார்ப்பதில்லை, புதியது வேண்டுமானால் தருகிறோம் என்று மறுமொழி வந்தது.

நேரு பிளேஸ் நடைபாதையில்

தெற்கு தில்லியின் நேரு பிளேஸ் நாடறிந்த கணினிச் சந்தை. அடுக்குமாடிக் கடைகளுக்குக் கீழே, திறந்த வெளியில், பிரித்துப் போட்ட மடிக்கணினிகளுக்கும் திரைகளுக்கும் நடுவே அமர்ந்து வேலை செய்யும் தொழிலாளர்களை அங்கே காணலாம். அவர்களில் ஒருவரிடம் விசைப்பலகையைக் கொண்டுபோனேன். ஐம்பதை நெருங்கும் வயது. பீகாரின் தர்பங்கா பகுதியிலிருந்து பிழைப்புக்காக வந்தவர். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர்.

திருகாணிகளைக் கழற்றிப் பலகையைத் திருப்பினார். தம்மிடம் இருந்த பழைய கணினியோடு அதை இணைத்தார். பழுதான சுவிட்சின் இரண்டு கால்களையும் பலகையின் பின்புறத்தில் சிறு இடுக்கியின் நுனியால் ஒருசேரத் தொட்டார். திரையில் எழுத்து விழுந்தது. “பலகை நன்றாக இருக்கிறது, தடம் நன்றாக இருக்கிறது, சுவிட்ச் போய்விட்டது” என்றார். நான் நான்கு நாட்கள் தடுமாறிய கேள்விக்கு அவர் ஒரு நிமிடத்தில் விடை கண்டார்.

மாற்றுச் சுவிட்ச் அவரிடம் இல்லை. செங்கோட்டைக்கு எதிரே லஜ்பத் ராய் மார்க்கெட்டில் தேடிப் பார்க்கலாம், நாளை வாருங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். அவரோ விசைப்பலகையின் மேல்வரிசையில் இருந்த ‘ஸ்க்ரோல் லாக்’ விசையைக் காட்டி, “இதை எப்போதாவது தொட்டதுண்டா?” என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன். தொட்ட நினைவே இல்லை. “அப்படியானால் மாற்று இங்கேயே இருக்கிறது” என்றார்.

பழைய ஈயப் பற்றின் மீது முதலில் சிறிது புதிய ஈயத்தை உருக்கிவிட்டார். நாட்பட்ட பற்று எளிதில் இளகாது. புதியது கலந்தால் இரண்டும் சேர்ந்து ஓடும். இளகிய கணத்தில் உறிஞ்சியால் இழுத்தார். சூட்டுக்கோலை ஓரிடத்தில் சில விநாடிகளுக்கு மேல் வைக்கவில்லை. வைத்தால் செப்புத் தடம் பலகையிலிருந்து பெயர்ந்துவிடும், பிறகு சுவிட்சை மாற்றியும் பயனில்லை. இரண்டு சுவிட்சுகளும் இடம் மாறின. சும்மா கிடந்தது வேலைக்கு வந்தது. உழைத்துத் தேய்ந்தது ஓய்வுக்குப் போயிற்று.

இடையில் ஒருமுறை ‘ஆக்கிரமிப்பு’ அகற்றும் வண்டி வருகிறது என்ற பேச்சு பரவியது. சூட்டுக்கோல், பலகை, பெட்டி அனைத்தும் ஒரு துணிக்குள் சுருண்டன. கால் மணி நேரம் கழித்து, வண்டி வரவில்லை என்று உறுதியான பின்னரே வேலை தொடர்ந்தது. முடிவில், நான் கேட்காமலேயே, இடைவெளி விசையின் அடியில் விரிசல் கண்டிருந்த ஒரு பற்றையும் சரிசெய்தார். கூலி 150 ரூபாய்.

மூன்றாவது வகைத் தேய்மானம்

‘மூலதனம்’ முதல் தொகுதியில் எந்திரங்களின் தேய்மானத்தை மார்க்ஸ் இருவகையாகப் பிரித்துக் காட்டுகிறார். பயன்படுத்துவதாலும், பயன்படுத்தாமல் கிடப்பதாலும் நேரும் பருப்பொருள் தேய்மானம் ஒன்று. அதே எந்திரம் மலிவாக உற்பத்தியாவதாலோ, அதைவிட மேலான எந்திரம் போட்டிக்கு வருவதாலோ, நன்றாக ஓடும் எந்திரமும் தன் மதிப்பை இழப்பது மற்றொன்று. எங்கள் விசைப்பலகை இரண்டையும் சந்தித்திருக்கிறது. புள்ளி விசை தேய்ந்தது முதல் வகை. நானூறு ரூபாய்க்குப் புதியது கிடைக்கும் என்ற வாதம் இரண்டாம் வகை. இன்றைய மூலதனம் மூன்றாவது வகை ஒன்றையும் சேர்த்திருக்கிறது. பழுது நீக்க இயலாதபடியே பொருளை உருவாக்குவது அது.

இதற்கு நீண்ட முன்வரலாறு உண்டு. 1924இல் உலகின் முன்னணி மின்விளக்கு நிறுவனங்கள் ‘ஃபீபஸ்’ என்ற கூட்டமைப்பை அமைத்து, விளக்கின் ஆயுளை 1,000 மணி நேரத்துக்குள் அடக்கிவைத்தன. நம் காலத்தில் இது மேலும் நுட்பமாகியிருக்கிறது. பல மடிக்கணினிகளில் விசைப்பலகை, பிளாஸ்டிக் முளைகளை உருக்கி மேல்மூடியோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. ஒரு விசை போனால் மூடி முழுவதையும் மாற்ற வேண்டும். ஆப்பிள் நிறுவனம் 2015இல் ‘பட்டர்ஃபிளை’ என்ற மெல்லிய விசை அமைப்பைக் கொண்டுவந்தபோது, சிறு துகள் நுழைந்தாலே விசை முடங்குகிறது என்று பயனர்கள் புகார் கூறினர். 2018இல் நிறுவனம் இலவசப் பழுது நீக்கத் திட்டத்தை அறிவிக்க நேர்ந்தது. அமெரிக்காவில் நடந்த கூட்டு வழக்கில், தவறை ஒப்புக்கொள்ளாமலேயே, 5 கோடி டாலர் தருவதாக 2022இல் அது உடன்பட்டது. இருபதாண்டு தூசியில் உழைத்த பழைய சுவிட்சையும், தூசிக்கு அஞ்சும் விலையுயர்ந்த புதிய விசையையும் அருகருகே வைத்துப் பார்த்தால், தொழில்நுட்ப வளர்ச்சி எந்தத் திசையில் திருப்பப்படுகிறது என்பது விளங்கும்.

மலிவான விசைப்பலகைகளை நாம் வெறுக்க வேண்டியதில்லை. கணினியை எளிய குடும்பங்களுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் கொண்டுசேர்த்ததில் அவற்றுக்கும் பங்குண்டு. ஆனால் அந்த மலிவின் மீதி விலையை யாரோ ஒருவர் கொடுத்துக்கொண்டிருக்கிறார். ஐ.நா. அமைப்புகள் வெளியிட்ட உலக மின்னணுக் கழிவு அறிக்கையின்படி, 2022இல் உலகில் சேர்ந்த மின்னணுக் கழிவு 6.2 கோடி டன். முறைப்படி சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 விழுக்காடு மட்டுமே. எஞ்சியதில் ஒரு பகுதி வடகிழக்கு தில்லியின் சீலம்பூர் போன்ற இடங்களுக்கு வந்து சேர்கிறது. அங்கே கம்பிகளை எரித்தும் பலகைகளை அமிலத்தில் ஊறவைத்தும் செம்பைப் பிரித்தெடுக்கும் தொழிலாளிகளின் நுரையீரலில் அந்த மீதி விலை வசூலிக்கப்படுகிறது. நேரு பிளேஸ் தொழிலாளி ஒரு கருவியைக் காப்பாற்றும் ஒவ்வொரு முறையும் சீலம்பூருக்குப் போகும் நஞ்சு அந்த அளவுக்குக் குறைகிறது. ஆயினும் இருவருமே எந்தக் கணக்கிலும் தொழிலாளிகளாக வருவதில்லை.

பொதுத்துறை கற்றுத் தந்த பாடம்

பழுது நீக்கும் அறிவு யாரிடம் இருக்கிறது என்ற கேள்வியை இந்தியா முன்னரே ஒருமுறை எதிர்கொண்டிருக்கிறது. ஐ.பி.எம் நிறுவனம், வளர்ந்த நாடுகளில் வழக்கொழிந்துவிட்ட 1401 வகைக் கணினிகளை இங்கே வாடகைக்கு விட்டுப் பெரும் லாபம் ஈட்டியது. எந்திரமும் அவர்களுடையது, பராமரிப்பும் அவர்களுடையது. 1973ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி அந்நியப் பங்கை 40 விழுக்காடாகக் குறைக்க மறுத்து, 1978இல் அந்நிறுவனம் வெளியேறியது. நாடெங்கும் நிறுவப்பட்டிருந்த கணினிகளைப் பராமரிக்கும் பொறுப்பை, ஒன்றிய அரசு 1975இல் தொடங்கியிருந்த கம்ப்யூட்டர் மெயின்டனன்ஸ் கார்ப்பரேஷன் ஏற்றுக்கொண்டது. சி.எம்.சி என்று அறியப்பட்ட பொதுத்துறை நிறுவனம் அது.

பெயரிலேயே பராமரிப்பைத் தாங்கிய அந்த நிறுவனம், பிறர் செய்த எந்திரங்களைப் பிரித்தும் பூட்டியும் அறிவைச் சேர்த்தது. 1980களின் நடுவில் ரயில்வேயின் கணினிவழி முன்பதிவு முறையை உருவாக்கியதும் அதே சி.எம்.சிதான். பழுது பார்த்துப் பெற்ற அறிவு படைக்கும் ஆற்றலாக வளர்ந்தது. 2001இல் வாஜ்பாய் அரசு அதன் 51 விழுக்காடு பங்குகளை டாடா குழுமத்துக்கு விற்றது. 2015இல் அது டி.சி.எஸ். நிறுவனத்துடன் இணைக்கப்பட்டுப் பெயரும் மறைந்தது. அத்துடன், கணினிப் பராமரிப்பை ஒரு பொதுப் பொறுப்பாகக் கருதிய எண்ணமும் நமது நினைவிலிருந்து மறைந்துவிட்டது.

அதே காலகட்டத்தில் வங்கி, காப்பீட்டு ஊழியர் சங்கங்கள் கணினிமயம் திணிக்கப்பட்ட விதத்தை எதிர்த்துப் போராடின. வங்கித் துறையில் 1983இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. நம்மைக் கணினியின் எதிரிகள் என்று இன்றும் கேலி செய்வோர் உண்டு. யாருடைய வேலை போகும், எந்திரத்தின் மீது யாருக்கு அதிகாரம் என்பவையே அன்று நாம் கேட்ட கேள்விகள். எந்திரம் வந்த பின் அதைத் திறந்து பார்க்கும் அதிகாரம் யாருக்கு என்ற கேள்வி அவற்றின் தொடர்ச்சி. அதை நாம் போதிய அழுத்தத்துடன் கேட்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

நுகர்வோர் மட்டும்தானா?

‘பழுது நீக்கும் உரிமை’ என்ற முழக்கம் உலகின் பல நாடுகளில் வலுப்பெற்றுவருகிறது. இங்கும் 2014இல் இந்தியப் போட்டி ஆணையம், உதிரி பாகங்களையும் பழுது நீக்கும் தொழில்நுட்பத் தகவல்களையும் சுயேச்சையான பட்டறைகளுக்குக் கிடைக்கவிடாமல் தடுத்ததற்காக 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,500 கோடி ரூபாய்க்கும் மேல் அபராதம் விதித்தது. 2022 ஜூலையில் ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை, பழுது நீக்கும் உரிமை பற்றி ஆராயக் குழு அமைத்தது. வேளாண் கருவிகள், கைபேசிகள், வீட்டு உபயோகப் பொருள்கள், வாகனங்கள் ஆகிய நான்கு துறைகள் அதன் வரம்பில் வந்தன. அவ்வாண்டு டிசம்பரில் இணையதளமும் தொடங்கப்பட்டது. குழு வந்தது, தளம் வந்தது. நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் தனிச் சட்டம் வரவில்லை.

அந்தத் தளத்தின் பார்வையில் இருப்பவர்கள் இருவர்: விற்கும் நிறுவனம், வாங்கும் நுகர்வோர். நிறுவனம் விரும்பினால் தனது சேவை மையங்களின் முகவரிகளையும் கையேடுகளையும் தரும். நுகர்வோர் படித்துத் தெரிந்துகொள்ளலாம். இடுக்கியின் நுனியால் ஒரு நிமிடத்தில் பழுதைக் கண்டறிந்த தொழிலாளி இந்தச் சித்திரத்தில் எங்குமில்லை. அவரது அறிவு பதிவு பெறாதது. அவரது இருப்பிடம் ‘ஆக்கிரமிப்பு’. பழுது நீக்கும் உரிமையை நுகர்வோரின் சலுகையாகச் சுருக்கினால், நாளை அதே நிறுவனங்கள் அதிக விலையில் ‘அங்கீகரிக்கப்பட்ட’ பழுது நீக்கும் சேவையை விற்று, நடைபாதைத் தொழிலாளியைச் சட்டத்தின் பெயராலேயே வெளியேற்றும். இவ்வுரிமையை உழைப்பின் உரிமையாக முன்வைக்க வேண்டிய கடமை இடதுசாரி இயக்கத்துக்கு உண்டு.

நாம் செய்ய வேண்டியவை

முதலாவதாக, உதிரி பாகங்கள், மின்சுற்று வரைபடங்கள், பழுது நீக்கும் கையேடுகள் ஆகியவற்றை நியாயமான விலையில், குறிப்பிட்ட ஆண்டுகள் வரை, எந்தப் பழுது நீக்குநருக்கும் தர நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தும் சட்டத்தைக் கோர வேண்டும். இரண்டாவதாக, அரசு அலுவலகங்களும் பள்ளிகளும் கருவிகள் வாங்கும்போது அவை பழுது நீக்கத்தக்கவையாக இருக்க வேண்டும் என்பதை ஒப்பந்த நிபந்தனையாக்க வேண்டும். அரசுகளின் கொள்முதல் சந்தையையே திருப்பவல்லது.

மூன்றாவதாக, 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் பொருள் விற்போரை மட்டுமன்றித் தெருவில் சேவை வழங்குவோரையும் உள்ளடக்கியது. நடைபாதையில் பழுது பார்ப்போருக்கும் அச்சட்டத்தின்கீழ் சான்றிதழ் பெறும் உரிமை உண்டு. நகர விற்பனைக் குழுக்களில் இதற்காக வாதாட வேண்டும். நான்காவதாக, தொழிற்பயிற்சி நிலையங்களோடு இணைந்த பொதுப் பழுது நீக்க நிலையங்கள் மாவட்டந்தோறும் வேண்டும். அனுபவத்தால் கற்ற தொழிலாளர்களே அங்கே பயிற்றுநர்களாக அமர வேண்டும். ஐந்தாவது, நமக்கு நாமே இட்டுக்கொள்ள வேண்டிய விதி. நமது அலுவலகங்களில் எந்தக் கருவியையும் திறந்து பார்க்காமல் தூக்கி எறிவதில்லை என்ற பழக்கம் வேண்டும்.

வேலை முடிந்து கூலியைக் கொடுத்தபோது, அந்தத் தொழிலாளி விசைப்பலகையில் ஒட்டியிருந்த நமது சங்கத்தின் பழைய மாநாட்டுச் சின்னத்தைக் கவனித்துவிட்டு, “எங்களைப் போன்றவர்களை உங்கள் சங்கத்தில் சேர்ப்பீர்களா?” என்று கேட்டார். சேர்ப்போம் என்றேன். எந்தச் சங்கத்தில், எங்கே வந்து பதிவது, வண்டி வரும் நாளில் யாரை அழைப்பது என்று அடுத்தடுத்துக் கேட்டார். உறுதியான விடை என்னிடம் இல்லை. கைபேசி எண்ணை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அலுவலகத்தில் இப்போது புள்ளி சரியாக விழுகிறது. அவர் கேட்ட மூன்று கேள்விகளும் அடுத்த கிளைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் அந்த விசைப்பலகையிலேயே அடித்துச் சேர்க்கப்பட்டிருக்கின்றன. மற்ற நகரங்களின் தோழர்களும் தத்தமது ஊர்களின் நடைபாதைகளுக்குச் சென்று இக்கேள்விகளைக் கேட்டு வர வேண்டும்.